சோளமும் சாம்பலும்

என் மகளின் வரலாற்றுப் புத்தகத்தில் பெரும்பாலும் யாரும் சாப்பிடுவதில்லை. கப்பலேறி வருகிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். சாப்பாட்டுப் பேச்சு வருவது இரண்டே இடத்தில்தான். ஒன்று, 1621-இல் பிளிமத்தில் நடந்த அறுவடை விருந்து. இன்னொன்று, அதற்கும் முன்னால், 1609-10 குளிர்காலத்தில் ஜேம்ஸ்டவுன் கோட்டைக்குள் நடந்த பட்டினி. வசந்தம் வந்தபோது அங்கே சுமார் 60 பேர்தான் உயிரோடு எஞ்சியிருந்தார்கள்.

நாங்கள் இருப்பது வர்ஜீனியாவில். இங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில வரலாறு தனிப் பாடம். 1607 ஜேம்ஸ்டவுன், 1619 முதல் ஆப்பிரிக்கர்கள் வந்திறங்கியது என்று வருடங்களை உருப்போட்டுக்கொண்டிருந்த மகள் ஒருநாள் நிமிர்ந்து, "அம்மா, கோட்டைக்குள்ள இருந்தவங்க பசியில செத்துட்டாங்க. வெளிய இருந்த பவ்ஹட்டான் ஜனங்க சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தாங்க? என்ன சாப்பிட்டாங்க?" என்றாள்.

நான் வரலாறு படித்தவள் இல்லை. பார்ப்பது கணக்கு வேலை. ஆனால் அது வரலாற்றுக் கேள்வி என்பதைவிட அடுக்களைக் கேள்வி. தேட ஆரம்பித்தேன். தேடியது வளர்ந்து, இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் பகுதிச் சமூகக்கூடத்தின் சமையலறையில் எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகளோடு சமைக்கிறேன். கறுப்பினப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், நம் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர். பழைய சமையல் புத்தகங்களின் நகல்களும், ஊரிலிருந்து சூட்கேஸில் வைத்துத் தூக்கிவந்த இரண்டு இரும்புத் தோசைக்கல்லும் என் முதலீடு.

வகுப்பில் ஒரே ஒரு விதி. சமைத்து முடித்துத் தட்டில் போடும் முன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை விளைவித்தது யார்? சமைத்தது யார்? சாப்பிட்டது யார்? முதல் வாரமே ஒரு பையன் நான்காவதைச் சேர்த்தான்: "பாத்திரம் கழுவினது யார்?" அதையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

தேங்க்ஸ்கிவிங்கை இந்தக் கேள்விகளோடு தொட்டால் அது வேறு பண்டிகையாகிவிடும். 1621 விருந்துக்கு வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாஸசாய்ட் சுமார் 90 ஆட்களோடு வந்தார். ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு மசியல் கிடையாது, பூசணிப் பை கிடையாது. இங்கிலீஷ்காரர்களுக்கு மீனை உரமாகப் போட்டுச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம். அவரை 1614-இல் ஒரு கப்பல்காரன் பிடித்துப்போய் ஸ்பெயினில் விற்கப் பார்த்தான். பல வருடம் கழித்து ஊர் திரும்பினால், ஊர் இல்லை. கொள்ளைநோயில் எல்லோரும் போய்விட்டார்கள். அந்தக் காலி ஊரின் மேல்தான் பிளிமத் எழுந்தது. இதைச் சொன்னபோது ஒரு சிறுமி, "அப்ப அவரு தன்னோட ஊர் வயல்லயே இன்னொருத்தருக்கு விவசாயம் சொல்லிக்குடுத்தாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

*

எல்லாவற்றுக்கும் முதல் பாடம் மக்காச்சோளம். சோளத்தண்டு கம்பமாக நிற்க, பீன்ஸ் கொடி அதில் ஏற, பூசணியின் இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். மூன்று சகோதரிகள் என்று பூர்வகுடிகள் சொல்லும் இந்தப் பயிர்முறையைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறார்கள். படிக்காதது அடுத்த படி, அதாவது சமைக்கும் முறை. முற்றிய சோளத்தை அப்படியே வேகவைத்துத் தின்றால் அதிலுள்ள நயசின் என்ற வைட்டமின் உடம்பில் சரியாகச் சேராது. மெக்சிகோவில் சுண்ணாம்பு நீரிலும், வடக்கே பல இடங்களில் விறகுச் சாம்பல் கரைத்த நீரிலும் வேகவைத்தார்கள். தோல் கழன்று வரும், மணி உப்பும், சத்தும் வெளிப்படும். இப்படித் தோல் நீக்கிய சோளத்துக்கு ஹாமினி என்று பெயர். அந்தச் சொல்லே பவ்ஹட்டான் மொழியிலிருந்து வந்ததுதான்.

வகுப்புக்கு முந்தின இரவு, மெக்சிகோ கடையில் விற்கும் சமையல் சுண்ணாம்பைப் போட்டுச் சோளத்தை வீட்டில் நானே வேகவைத்து ஊறவிடுவேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பையா சோத்துல போடுத?" என்றாள். காலையில் பிள்ளைகள் கழுவுதொட்டியைச் சுற்றி நின்று மணிகளைத் தேய்த்துத் தேய்த்துத் தோலை உரித்தபோது, முதலில் கையை விட்டவளும் அவள்தான்.

சோளம் கடல் தாண்டிப் போனது, சாம்பல் போகவில்லை. ஐரோப்பாவில் சோளக்கஞ்சியையே நம்பி வாழ்ந்த ஏழை விவசாயிகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கழன்று, புத்தி பேதலிக்கும் ஒரு நோய் வந்தது. அதுதான் பெலாக்ரா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நோய் அமெரிக்கத் தெற்கில், பருத்திக்காட்டுக் குத்தகைக்காரர்களிடமும் ஆலைத் தொழிலாளர்களிடமும் பரவியது. ஆலையில் அரைத்து முளை நீக்கிய சோளமாவு, பன்றிக்கொழுப்பு, மொலாசஸ் பாகு. இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் வாங்க அவர்களுக்கு வழியில்லை. இது தொற்றுநோய் அல்ல, சாப்பாட்டுக் குறை என்று 1914-இலிருந்து போராடி நிறுவியவர் ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். தொற்றாது என்று காட்ட நோயாளியின் ரத்தத்தைத் தனக்கே ஊசியில் ஏற்றிக்கொண்டார். பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எனக்குப் பிடிப்பது வேறு. பண்டத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கண்டுபிடித்தவர்களின் அறிவை விட்டுவிட்டுப் போனால் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. சமையல் வழியாக வரலாறு சொல்லும்போது நான் கவனமாக இருப்பதும் இதில்தான். சோளத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாம்பலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

*

ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் காலை உணவு சோளமாவு ஹோகேக். வெண்ணெயும் தேனும் வழிய வழியச் சாப்பிடுவாராம். 1789-இல் அதிபராகப் பதவியேற்கும்போது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றுதான் மிச்சம், மெத்தென்ற பண்டம் தோதாக இருந்திருக்கும் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். அந்த வீட்டில் வளர்ந்த பேத்தி நெல்லி எழுதிவைத்த குறிப்பு இருக்கிறது. இரவே மாவைக் கரைத்து, ஈஸ்ட் சேர்த்து, அடுப்பின் கதகதப்பில் வைத்துவிட்டு, காலையில் கல்லில் ஊற்றுவது. அதாவது நம் தோசைமாவுக்குச் செய்கிற அதே ராத்திரிக் காத்திருப்பு. நம் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேரும் அன்றைக்கு நிபுணர்கள். கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிறகு கேள்வி. சமைத்தது யார்?

மவுண்ட் வெர்னனிலும், அதிபரானபின் ஃபிலடெல்ஃபியாவிலும் வாஷிங்டனின் தலைமைச் சமையல்காரர் ஹெர்குலிஸ். அடிமை. அடுக்களையில் அவர் வைத்ததே சட்டம். மிஞ்சிய கழிவுகளை விற்றுக்கொள்ளும் உரிமை இருந்தது. அந்தக் காசில் நல்ல கோட்டும், தங்கப் பூண் போட்ட கைத்தடியுமாக மாலையில் வீதியுலா போவார் என்று வாஷிங்டனின் பேரன் எழுதியிருக்கிறார். பென்சில்வேனியாவில் 1780-இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. வெளியூர்க்காரர் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே இருந்தால் விடுதலை கோரலாம். அதிபர் என்ன செய்தார்? ஆறு மாதம் முடியும் முன் அடிமைகளை எல்லை தாண்டி அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். 1796-97 குளிர்காலத்தில் ஹெர்குலிஸை அடுக்களையிலிருந்து எடுத்து மவுண்ட் வெர்னனில் கல்லுடைக்கவும் மண்வெட்டவும் போட்டார்கள். 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனுக்கு 65 வயது நிறைந்த நாள். அன்றைக்கு ஹெர்குலிஸ் ஓடிப்போனார்.

சில வாரம் கழித்து அங்கே விருந்தாளியாக வந்தவர் லூயி ஃபிலிப், பின்னாளில் பிரான்ஸின் அரசரானவர். அவருடைய வேலையாள், ஹெர்குலிஸின் சின்ன மகளிடம், இனி அப்பாவைப் பார்க்க முடியாதே, உனக்கு வருத்தமாக இருக்குமே என்று கேட்டிருக்கிறான். இல்லை, எனக்கு ரொம்பச் சந்தோஷம், அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்ற பொருளில் அந்தக் குழந்தை பதில் சொன்னதை லூயி ஃபிலிப் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

தோசைக்கல்லில் ஹோகேக் புகைய ஆரம்பித்துவிட்டது. யாரும் திருப்பிப் போடவில்லை. ஒன்பது வயதுப் பையன் கேட்டான்: "அவளையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" குழந்தையோடு ஓடினால் பிடிபடுவது சுலபம் என்றேன். "அப்புறம் அவளை விட்டாங்களா?" வாஷிங்டனின் உயிலால் ஹெர்குலிஸுக்கே பின்னர் விடுதலை கிடைத்தது. ஆனால் அவருடைய பிள்ளைகள் மார்த்தா வாஷிங்டனின் முதல் கணவர் வழிச் சொத்தில் சேர்ந்தவர்கள். உயில் அவர்களைத் தொடவில்லை. அதையும் சொன்னேன். பையன் திரும்பிப் போய்த் தன் ஹோகேக்கை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இதே கதையை வைத்து, ஹெர்குலிஸும் மகளும் அதிபரின் பிறந்தநாளுக்கு கேக் செய்வதாக 'எ பர்த்டே கேக் ஃபார் ஜார்ஜ் வாஷிங்டன்' என்றொரு படப்புத்தகம் 2016 ஜனவரியில் வந்தது. படங்களில் அடிமைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடும் எதிர்ப்பு எழுந்து, அந்த மாதமே பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. அந்தத் தொழிலில் ஹெர்குலிஸுக்குப் பெருமிதம் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெருமிதத்தை மட்டும் வரைந்தால், அவர் ஏன் பிறந்தநாள் அன்று ஓடினார் என்பதை எந்தக் குழந்தைக்கும் விளக்க முடியாது.

அன்று வகுப்பு முடிந்ததும் இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். ஒருவர், மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பாட்டி; பேத்தியைக் கூட்டிவருபவர். "அவர் எவ்வளவு பெரிய சமையல்காரர்னு இன்னும் கொஞ்சம் சொல்லும்மா. பாவம்னு மட்டும் நினைச்சுக்கிட்டு பிள்ளைங்க வீட்டுக்குப் போகக் கூடாது. எங்களை எல்லாரும் பாவம்னுதான் நினைக்கிறாங்க" என்றார்.

இன்னொருவர் நம் ஊர்க்காரர், கார் நிறுத்துமிடத்தில். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பையன் சமையல் கத்துக்கட்டும்னுதான் அனுப்புறேன். அடிமை, ஓடினது, இதெல்லாம் எட்டு வயசுல எதுக்கு? அதுவும் நாம வந்தே இருபது வருஷம்தான் ஆகுது. இதுல நமக்கு என்ன சம்பந்தம்?"

முன்னவர் சொன்னதை அடுத்த வகுப்பிலேயே செய்ய முடிந்தது. பின்னவருக்குப் பதில் சொல்ல எனக்கு அந்த வருடம் முழுக்கத் தேவைப்பட்டது.

*

எந்தப் பிள்ளைக்கும் பிடித்தது மக்ரோனி-சீஸ். ஜெஃபர்சன் கண்டுபிடித்ததாக ஒரு கதை உலவுகிறது. அவர் கண்டுபிடிக்கவில்லை; 1784-இல் பாரிஸுக்குத் தன்னோடு ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற பத்தொன்பது வயது அடிமையைக் கூட்டிப்போய் பிரெஞ்சுச் சமையல் பழக்கினார். திரும்பி வந்தபின் 1793-இல் ஓர் ஒப்பந்தம்: தான் கற்ற வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் விடுதலை. ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்தார். 1796-இல் அண்ணன் வெளியே போனார், தம்பி அடுப்படிக்கு வந்தார்.

நாங்கள் பின்பற்றும் மக்ரோனிச் செய்முறை ஜெஃபர்சனின் உறவினர் மேரி ரேண்டால்ஃப் 1824-இல் வெளியிட்ட 'தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்' நூலிலுள்ளது. இதே ரிச்மண்டில் அவர் தங்கும் விடுதி நடத்தியவர். அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் நமக்குக் கொஞ்சம் தலைசுற்றும். மஞ்சள், கொத்தமல்லி விதை, சீரகம் இடித்துச் சலித்த கறிப்பொடி இருக்கிறது, கிழக்கிந்திய முறைப்படி கோழிக்கறி இருக்கிறது, வெண்டைக்காய் இருக்கிறது. பெயர் இருப்பது எழுதியவருக்கு மட்டும். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்தான். தென்கரோலினாவின் சதுப்பு நிலத்தில் வரப்புக்கட்டி நெல் விளைவிக்கும் திறமையும் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் வயல்களிலிருந்து கடத்திவரப்பட்டவர்கள் கையோடு வந்தது. அந்த அரிசியும் காராமணியும் சேர்ந்தது 'ஹாப்பின் ஜான்'. வருடப் பிறப்பன்று அதைச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பது தெற்கத்தி நம்பிக்கை.

ஹாப்பின் ஜான் செய்த அன்று அம்மா காராமணியைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது நம்மூர்ப் பயறுல்லா!" என்றாள். ஆப்பிரிக்காவில் பயிரான காராமணி ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. இங்கே வந்தது அடிமைக் கப்பல் காலத்தில். ஒரே பயறு, இரண்டு பயணம்.

பெயர் இல்லாதவர்கள் என்று சொன்னேன். அதற்கு விதிவிலக்காக இரண்டு பேரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவேன். 1866-இல் மிச்சிகனில் சமையல் நூல் அச்சிட்ட மலிண்டா ரஸ்ஸல். கறுப்பினப் பெண் எழுதியதாக இதுவரை தெரியவந்தவற்றில் முதல் சமையல் நூல் அது. 1881-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நூல் கொண்டுவந்த ஆப்பி ஃபிஷர். அடிமையாகப் பிறந்த ஃபிஷருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, வேறு பெண்கள் எழுதினார்கள். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சோளமும் பீன்ஸும் சேர்ந்த சக்கோடாஷ் என்ற பூர்வகுடிப் பண்டம் அதில் 'சர்க்யூட் ஹாஷ்' ஆகியிருக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அதை அச்சுப்பிழையாகப் பார்ப்பதில்லை. பூர்வகுடிகளின் சொல், அடிமையாயிருந்த பெண்ணின் வாய், வெள்ளைக்காரப் பெண்ணின் காது என்று மூன்றும் அந்த ஒரு சொல்லில் பதிவாகியிருக்கின்றன. சத்தமாக வாசித்தால் ஆப்பி ஃபிஷரின் குரல் கொஞ்சம் கேட்கிற மாதிரி இருக்கும்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மகள் கேள்வியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். "ஆச்சி, உங்க வீட்ல நெல்லு விளைஞ்சதுன்னு சொல்வீங்கல்ல. யார் விளைவிச்சா?"

"ஆளுங்க இருந்தாங்கட்டி."

"யார் சமைச்சா?"

"நானும் எங்க அத்தையும்."

"அந்த ஆளுங்க எங்க உக்காந்து சாப்பிட்டாங்க?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. நான் பேச்சை மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொல்லையில. தட்டு தனியா எரவாணத்துல செருகி வச்சிருக்கும். அவங்களே கழுவி அவங்களே செருகிட்டுப் போவாங்க" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்த அம்மா பேரு மாடத்தி. எனக்கு நாத்து நடச் சொல்லித்தந்தது அவதான்" என்றாள். நாற்பது வருடத்தில் அந்தப் பெயரை அம்மா வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான்.

*

ஒரு பண்டத்தைச் செய்வதா வேண்டாமா என்று நாங்களே வாக்கெடுத்த நாளும் உண்டு. பூர்வகுடிகளின் திருவிழாக்களில் கிடைக்கும் ஃப்ரை பிரெட் பார்வைக்கு நம் பூரியின் அண்ணன். அதன் கதை பெரும்பாலும் 1864-இல் தொடங்குவதாகச் சொல்வார்கள். நவஹோ மக்களின் சோளக்காடுகளையும் பீச் மரங்களையும் ராணுவம் அழித்தது. சுமார் 300 மைல் நடத்திக் கூட்டிப்போய் நியூ மெக்சிகோவில் பாஸ்க் ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தது. 1868 ஒப்பந்தம் வரை அங்கேதான். அரசாங்கம் அளந்து போட்ட மைதாவிலும் கொழுப்பிலும் என்ன செய்ய முடியுமோ அதுதான் அந்த ரொட்டி. 2005-இல் சவுத் டகோடா அதை மாநில ரொட்டியாகவே அறிவித்தது. பூர்வகுடிகளிலேயே அதைப் பிழைத்துக் கிடந்ததன் அடையாளமாகக் கொண்டாடுபவர்கள் உண்டு. சர்க்கரைநோயையும் சிறையையும் நினைவூட்டுவதாக ஒதுக்குபவர்களும் உண்டு. பிள்ளைகளின் வாக்கு ஐந்துக்கு ஐந்து. கடைசியில் செய்தோம், ஆனால் அன்று முதல் தட்டில் வைத்தது பீன்ஸும் பூசணியும் சோளமும். "பறிச்சதை முதல்ல சாப்பிடணும், குடுத்ததை அப்புறம்" என்றது, வேண்டாம் என்று வாக்களித்த சிறுமி.

*

கடைசி வகுப்புக்கு ஜார்ஜியா கில்மோரின் நினைவாக பவுண்ட் கேக். 1955 டிசம்பர் 5-ஆம் தேதி அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் பெயர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு வருடத்துக்கும் மேலாக ஆயிரக்கணக்கானோர் தினம் வேலைக்குப் போய்வர வேண்டுமே! கார்கள் ஓடின. பெட்ரோலுக்குக் காசு யார் கொடுத்தது என்று கேட்டால் வகுப்பு விழிக்கும்.

கில்மோர் ஓர் உணவகச் சமையல்காரி. சில பெண்களைச் சேர்த்து 14 டாலர் திரட்டி, கோழியும் ரொட்டியும் வாங்கி, கூட்டங்களில் சாண்ட்விச் விற்றார். அது வளர்ந்து கேக், பை, பொரித்த கோழி என்று ஊர் முழுக்கப் போனது. கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்னார், வேலை போனது. வீட்டையே உணவகமாக்கிக்கொண்டார். இவர்களிடம் வாங்கியவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. வெளியே தெரிந்தால் செய்தவர்களுக்கும் வேலை போகும், வாங்கியவர்களுக்கும் சங்கடம். அதனால் குழுவுக்கு வைத்த பெயர், 'தி கிளப் ஃப்ரம் நோவேர்'. எங்கிருந்தும் வராதவர்களின் சங்கம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று பொய் சொல்லாமலே சொல்லிவிடலாம்.

மூன்று கேள்வியும் ஒரே ஆளிடம் வந்து சேரும் இடம் இது. சமைத்தவரே முடிவு செய்தார், யாருக்காகச் சமைப்பது, காசு எங்கே போக வேண்டும் என்று. மூலை நாற்காலிப் பாட்டி அன்று நாற்காலியில் உட்காரவில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் எவ்வளவு நேரம் குழைக்க வேண்டும் என்று எனக்கே திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெற்றோர்கள் வந்ததும் பிள்ளைகள் கேக்கைத் துண்டு ஒரு டாலருக்கு விற்றார்கள். பணம் அந்தப் பகுதி உணவு வங்கிக்கு. கார் நிறுத்துமிடத்தில் கேட்டவரும் வந்திருந்தார். அவருக்குச் சேர்த்துவைத்திருந்த பதிலை அன்று சொன்னேன். 1946-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேருக்குத்தான் இங்கே குடியேற இடம். அந்த ஒதுக்கீட்டு முறையை உடைத்தது 1965 அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டம். அது தானாக வந்துவிடவில்லை. 1964-இல் குடிசார் உரிமைகள் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அந்த அலையிலேயே இதுவும் வந்தது. ஆளைப் பிறப்பை வைத்து ஒதுக்கக் கூடாது என்று தெருவில் நின்றவர்கள் இல்லையென்றால், நீங்களும் நானும் இந்தக் கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம். "நமக்கு என்ன சம்பந்தம்னு கேட்டீங்களே. நம்ம விசாவுல அந்த அம்மா சுட்ட கேக்கும் கொஞ்சம் இருக்கு."

அவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. "இப்படி யோசிச்சதில்ல" என்றார். மூன்று துண்டு வாங்கினார். காசை வாங்கிய அவருடைய மகன், மேசைக்குப் பின்னால் நின்ற மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அப்பாவிடம் கேட்டான்: "இந்தக் காசு எங்கேருந்து வந்துச்சு, தெரியுமா?"

பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்: "எங்கேருந்தும் இல்ல!"